சிவகாசி முப்பத்துநாலில் நான் செத்த கதை

1

போன செவ்வாய்க்கிழமை எனக்கு டெலிபோன் கிடைத்துவிட்டது. சிவகாசியில். நான் இருப்பதோ பினாங்கில்.

காக்கி உறையின் முதுகில் வெறும் முத்திரையாக இருந்தது. சிவகாசிக்குப் போய், ஆள் இல்லையென்று விருதுநகருக்குத் திரும்பி, என் தங்கை வாக்கப்பட்ட காரியாபட்டிக்குப் போய், அங்கிருந்து கப்பலேறி என் கடைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. உள்ளே இங்கிலீஷில் ஒரு கடிதம். ‘தங்கள் விண்ணப்பம் பரிசீலிக்கப்பட்டு, இணைப்புக்கான தங்கள் முறை வந்துள்ளது. பதினைந்து நாட்களுக்குள் பதில் தரவும்.’ அந்தப் பதினைந்து நாளும் கடிதம் கடலில் இருக்கும்போதே முடிந்து போயிருந்தது.

கூடவே ஒரு படிவம். அதில் மூன்றே வரி: ‘விண்ணப்பதாரர் இணைப்பை ஏற்கிறார். விண்ணப்பதாரர் மறுக்கிறார். விண்ணப்பதாரர் இறந்துவிட்டார்.’ கீழே பொடி எழுத்தில், ‘வேண்டாததை அடிக்கவும்.’

மூன்றாவது வரியைப் படித்ததும் என் உடம்பு பதறிவிட்டது. பயம் இல்லை, ஆத்திரம். பன்னிரண்டு வருடமாக அடுப்புக்குள் சாம்பல் மூடிக் கிடந்த ஆத்திரத்தை டெலிபோன் இலாகாவே வந்து ஊதிவிட்டுப் போனால் நான் என்ன செய்ய? நான் விண்ணப்பம் போட்ட அன்று என் மகள் ஜமீலாவுக்குப் பால்பல்கூட விழவில்லை. இன்றைக்கு அவள் பினாங்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில், காதில் கருவியை மாட்டிக்கொண்டு, ஊரார் பேச்சையெல்லாம் ஒரு ஓட்டையிலிருந்து இன்னொரு ஓட்டைக்கு மாற்றிக் குத்துகிற வேலையில் இருக்கிறாள்.

“அத்தா, வாங்காட்டி வேணாம்னு எழுதிப் போடுங்க லா. எதுக்கு இப்படி மூச்சு வாங்குறீங்க?” என்றாள்.

இந்த ‘லா’ இங்கே பிறந்த மலாய்க்கார, சீனப் பிள்ளைகளிடமிருந்து அவளுக்கு ஒட்டிக்கொண்டது. எங்கள் ஊரில் அப்பனைப் பார்த்து ‘லே’ என்று ஒருத்தி முடித்திருந்தால் வீடே கூடியிருக்கும். இவளை என்ன சொல்லித் திருத்துவது? எனக்கு நடந்தது அவளுக்குப் பாதிதான் தெரியும். உங்களுக்கு முழுதாகச் சொல்கிறேன்.

2

அதற்கு முன்னால் தொழில் விஷயம் கொஞ்சம் பேசவேண்டும். தங்கை வீட்டுக்காரர் மாதாமாதம் ஊர்ப் பேப்பர்களைக் கட்டாகக் கட்டி அனுப்புவார். அதில் ஒரு கட்டுரை: நமது நாட்டில் டெலிபோன் தொழிலின் இன்றைய நிலையும் நாளைய வளர்ச்சியும். ஐந்தாண்டுத் திட்டத்துக்குத் திட்டம் இணைப்புகள் கூடுகின்றனவாம், கருவிகளை நாமே செய்கிறோமாம், சிறு ஊர்களுக்கும் தானியங்கி எக்ஸ்சேஞ்ச் வரப்போகிறதாம், ஆபரேட்டரைக் கூப்பிடாமல் நாமே எண்ணைச் சுழற்றிப் பேசலாமாம். எழுதியவர் புளகாங்கிதத்தில் மிதக்கிறார்.

நான் இருபது வருடம் வியாபாரம் பார்த்தவன். சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். இந்தத் தொழிலுக்கு இருக்கிற வளர்ச்சி வேறு எந்தத் தொழிலுக்கும் கிடையாது. வாடிக்கைக்காரன் வரிசையில் நிற்பான், பத்து வருடம் நிற்பான், பக்கத்துக் கடைக்குப் போகமாட்டான். ஏனென்றால் பக்கத்துக் கடையே கிடையாது. அச்சகம் வைத்திருந்த நான் ஒரு நோட்டீஸ்காரனை ஒரு வாரம் காக்க வைத்தால் அவன் அடுத்த தெரு பிரஸ்ஸில் போய் அச்சடித்துக்கொள்வான். இலாகாவுக்கு அந்தக் கவலை இல்லை. காத்திருக்கிறவர் பட்டியல் நீளமாவதையே ‘மக்களிடம் பெருகிவரும் ஆர்வம்’ என்று கட்டுரையில் எழுதிவிடலாம். காத்திருந்து காத்திருந்து நாசமாய்ப் போனவனை எந்தக் கட்டத்தில் எழுதுவார்கள் என்றுதான் தெரியவில்லை.

போன் வந்து மார்க்கெட் மாறினதை நான் விருதுநகரில் கண்ணால் பார்த்தேன். முன்பெல்லாம் பம்பாய் எண்ணெய் விலை, மெட்ராஸ் பருப்பு விலை எல்லாம் தந்தியில் வரும். தந்திச் சேவகன் சைக்கிளை நிறுத்துவதைத் தெருவே பார்க்கும். ஏறியிருக்கிறதா இறங்கியிருக்கிறதா என்பது காபி ஆறுவதற்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும். போன் வந்த பிறகு விலை ஒருத்தர் காதுக்குள் மட்டும் இறங்கியது. மல்லாங்கிணற்றிலிருந்து மிளகாய் வத்தல் மூட்டையோடு வண்டி கட்டி வந்த சம்சாரிகள், ட்ரங்க் கால் பேசுகிற கமிஷன் கடைக்காரர் முகத்தைப் பார்த்து விலையைக் கண்டுபிடிக்கப் பழகினார்கள். கெட்டிக்காரர்கள். ஆனால் கடைக்காரர் அவர்களைவிடக் கெட்டி. அடுத்த வாரமே போனைத் தட்டிக்குப் பின்னால் தூக்கி வைத்துவிட்டார்.

ஆக, போனின் வளர்ச்சி என்றால் போன் இல்லாதவனின் தேய்மானமும் சேர்த்துத்தான். இதைக் கட்டுரைக்காரர் எழுதவில்லை. எழுதியிருந்தால் நான் அவருக்கு ஒரு காலண்டர் அனுப்பியிருப்பேன்.

3

எனக்குச் சிவகாசியில் காலண்டர் பிரஸ் இருந்தது. பெரிதொன்றுமில்லை. இரண்டு மிஷின், ஒன்பது ஆள். முருகன், லட்சுமி, மெக்கா, வேளாங்கண்ணி மாதா எல்லோரும் ஒரே மிஷினில் ஒரே மையில் வருவார்கள். ஊருக்கெல்லாம் புது வருசம் ஜனவரியில் என்றால் எங்களுக்கு ஆடியிலேயே வந்துவிடும். அதற்குள் அடுத்த வருடத்துப் படமெல்லாம் மிஷினில் ஏறியாக வேண்டும்.

எங்கள் ஊரின் வேலைமுறை ஒன்று வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. பொருள் வருவதற்கு முன்னாலேயே லேபிள் வந்துவிடும். தீப்பெட்டிக்குக் குச்சி வெட்டியிருக்க மாட்டார்கள், மேலே ஒட்டும் லேபிள் கட்டுக்கட்டாக ரெடியாக இருக்கும். வெடிக்கு மருந்து இடித்திருக்க மாட்டார்கள், பெட்டிக்குப் படம் அடித்தாகியிருக்கும். அச்சில் வந்துவிட்டால் அது இருக்கிறது என்று நம்புகிற ஊர். நானும் அந்த ஊர்க்காரன்தானே.

விண்ணப்பம் போட்டு ஒரு வருடம் கழித்து இலாகாவிலிருந்து கடிதம் வந்தது: எனக்கு ஒதுக்கிய எண் 34. கம்பமும் கம்பியும் வந்தவுடன் இணைப்பு. கடிதத்தை என் மனைவி பாத்திமாவிடம் வாசித்துக் காட்டினேன். அவள் சர்க்கரை எடுத்து என் வாயில் போட்டாள். மறுநாள் அடுத்த வருடக் காலண்டர்கள் மிஷினில் ஏற வேண்டிய நாள். ஒவ்வொரு காலண்டரின் அடியிலும் எங்கள் பிரஸ்ஸின் வரி ஒன்று வரும். அதில் ‘போன்: 34’ என்று சேர்க்கச் சொன்னேன்.

ஃபோர்மேன் சண்முகம் தலையைச் சொறிந்தார். “பாய், கம்பியே இன்னும் வரலையே. லைன் வந்தப்புறம் போட்டுக்கிருவோமே.”

“ஆடி நமக்காகக் காத்திருக்குமாவே? நம்பர் வந்தாச்சுல்ல, அடிங்க.”

அடித்தார்கள். அந்த வருடம் அச்சடித்தது அத்தனையிலும் 34. திண்டுக்கல், கோயமுத்தூர், திருச்சி, கொல்லம் என்று நூற்றுக்கணக்கான கடைகளுக்கு லோடு போனது. அந்தக் கடைக்காரர்கள் தங்கள் வாடிக்கைக்காரர்களுக்குக் கொடுத்தார்கள். எத்தனை வீட்டுச் சுவர், எத்தனை ஆணி! அத்தனையிலும் வருடம் முழுக்க என் எண் தொங்கியது.

மார்கழி கடைசியில் கம்பி வந்தது. என் தெருவுக்குத்தான் வந்தது. கம்பத்தில் ஏறிய ஆள் என் வாசலைத் தாண்டி, எதிர்த்தாற்போல் இருந்த சௌந்தரபாண்டியின் பிரஸ்ஸுக்குக் கம்பியை இழுத்தான். அவருக்கும் காலண்டர் தொழில்தான். அவருக்கு முன்னுரிமை என்றார்கள். என்ன முன்னுரிமை என்று கேட்டதற்கு, அது கோப்பில் இருக்கிறது, காட்டக்கூடாது என்றார்கள். எனக்கு ஒதுக்கியிருந்த எண்ணே கையில் தயாராக இருந்ததால் அதையே அவருக்குக் கொடுத்துவிட்டார்களாம். ‘தங்கள் விண்ணப்பம் மீண்டும் பட்டியலில் சேர்க்கப்பட்டுள்ளது’ என்று எனக்கு ஒரு கடிதம் வந்தது.

4

இதுவரைக்கும் நான் பொறுத்திருப்பேன். அச்சில் அவசரப்பட்டது என் தப்பு. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த வைகாசியில் நடந்ததற்கு மன்னிப்பே கிடையாது.

நான் வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் யாரோ செருப்பைக் கழற்றுகிற சத்தம்.

“இங்கன பாயோட மகன் யாரும் இருக்கீகளா?” என்று கம்மிய குரலில் கேட்டது.

திரும்பினேன். திண்டுக்கல் புகையிலைக் கடை சின்னச்சாமி. வருடா வருடம் என்னிடமே காலண்டர் வாங்குகிறவர். தோள் துண்டை இடுப்பில் கட்டியிருந்தார். கையில் ஒரு கட்டு ஊதுபத்தி. என்னைப் பார்த்ததும் ஊதுபத்தியைக் கீழே போட்டுவிட்டு மிஷினைப் பிடித்துக்கொண்டார். முகத்தில் ரத்தமே இல்லை.

“பாய்... நீங்க... ஐயோ சாமி!”

சண்முகம் தண்ணீர் கொடுத்து அவரை உட்கார வைத்தார். அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. அடுத்த வருட ஆர்டர் சொல்லச் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துச் சிவகாசி முப்பத்துநாலுக்கு ட்ரங்க் கால் போட்டிருக்கிறார்.

“காதர் பாய் இருக்காகளான்னு கேட்டேன். அவரு செத்துப்போயி நாப்பதாம் நாள் பாத்தியாவும் ஓதியாச்சுங்கன்னு சொன்னாக. நானே போயி நெய்ச்சோறு சாப்பிட்டு வந்தேன்னாக. பிரஸ்ஸை நாந்தான் எடுத்து நடத்துறேன், ஆர்டரச் சொல்லுங்கன்னாக. சொல்லிட்டேன் பாய். அம்புட்டையும் சொல்லிட்டேன். அப்புறந்தான் மனசு கேக்கல, பிள்ளைகளப் பாத்துட்டுப் போவோம்னு வந்தேன்.”

நெய்ச்சோறு! என் நாற்பதுக்கு அவன் நெய்ச்சோறு தின்றிருக்கிறான்! ஒரு மனுசனைப் பற்றிப் பொய் சொல்லலாம், கடை மூடிவிட்டான் என்று சொல்லலாம். நெய்ச்சோற்றை எதுக்குடா சேர்த்தாய்? அந்த ஒரு வார்த்தைதான் இன்றைக்கும் என் நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது.

தெருவைத் தாண்டிச் சௌந்தரபாண்டி பிரஸ்ஸுக்குப் போனேன். அதுவரை அவரை ‘அண்ணாச்சி’ என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். அவர் நாற்காலியில் சாய்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். மேசைமேல் கறுப்பாக அந்தப் போன்.

“என்ன அண்ணாச்சி, என்னைப் பொதைச்சிட்டீகளாமே?”

அவர் பதறவில்லை. “வியாபாரம் பாய். மணி அடிச்சா எடுக்கத்தான செய்யணும். நம்பரை அச்சடிச்சது நானா, நீங்களா?”

நான் வாயைத் திறப்பதற்குள் மணி அடித்தது. அவர் எடுத்தார். அந்தப் பக்கம் யாரோ கேட்க, என் முகத்தை நேராகப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “ஆமாங்க, காதர் பாய் இறந்துட்டாரு. தங்கமான மனுசன். நீங்க ஆர்டரச் சொல்லுங்க.”

“ஏலே!” என்று பாய்ந்தேன். அவருடைய ஆட்கள் நாலு பேர் என்னைத் தூக்கி வெளியே விட்டார்கள். சட்டை கிழிந்தது.

தபால் போட்டேன், ஊர் ஊராகப் போனேன். நான் உயிரோடிருக்கிறேன் என்று எத்தனை பேரிடம் நேரில் போய்ச் சொல்ல முடியும்? சுவரிலெல்லாம் என் காலண்டர் அவனுக்கு ஆள்பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தது. டிசம்பர் முப்பத்தொன்று கிழிகிறவரை நான் தினமும் செத்தேன். அடுத்த ஆடியில் மிஷின் இரண்டையும் விற்றேன். வாங்கியது அவன் இல்லை, அந்த மட்டுக்கும் ஆறுதல்.

5

மச்சான், அதாவது பாத்திமாவின் அண்ணன், பினாங்கில் காகிதக் கடை வைத்திருந்தார். அச்சு வேலை தெரிந்த ஆள் வேண்டும் என்று அவர் எழுதிக் கொடுத்த காகிதத்தில் வந்து இறங்கினேன். குடிநுழைவு அலுவலகத்தில் ஒரு சீன அதிகாரி என்னென்னவோ கேட்டார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் ‘ஐ ஆம் லிவிங்’ என்று சொன்னேன். “எங்கே வசிக்கிறாய்?” என்று கேட்டிருப்பார் போல. தலையை ஆட்டினார். நான் சொன்னதோ, உயிரோடு இருக்கிறேன் என்பதைத்தான். அந்தக் காலத்தில் யார் எது கேட்டாலும் முதலில் அதைச் சொல்லிவிடுகிற பழக்கம் எனக்கு.

இன்றைக்குக் கடை என்னுடையது. மச்சான் ஊருக்குப் போய்விட்டார். இங்கே போனுக்கு எழுதிக் கொடுத்தேன், மூன்றாவது வாரம் வந்து மாட்டிவிட்டுப் போனார்கள். அவ்வளவு சுலபமாகக் கிடைத்ததில் எனக்கு மகிழ்ச்சி வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. இந்தத் தெருவில் மளிகை, ஜவுளி, நகை என்று தமிழ்க் கடைகள் வரிசையாக இருக்கின்றன. எல்லாருக்கும் வருடம் பிறந்தால் ஊர்க் காலண்டர் வேண்டும். அந்த ஆர்டரை நான்தான் எடுத்து ஊருக்கு அனுப்புகிறேன். எந்த பிரஸ்ஸுக்கு அனுப்பினாலும் அந்த ஒரு பிரஸ்ஸுக்கு மட்டும் அனுப்புவதில்லை.

போன மாதம் மளிகைக் கடை முதலாளி ஒரு கடிதத்தைக் காட்டினார். சௌந்தரபாண்டி எழுதியது. பினாங்கு வியாபாரத்தில் இறங்க விருப்பம், சாம்பிள் ஆல்பம் அனுப்புகிறேன், ஏஜெண்டு யாராவது கிடைத்தால் நல்லது என்று. தலைப்பில் கொட்டை எழுத்தில் ‘போன்: 34’. என் எண், கடல் தாண்டி என்னைத் தேடி வந்திருந்தது.

அந்தக் கடிதத்தின் சூடே ஆறவில்லை. அதற்குள் இலாகாவின் காக்கி உறை.

6

புதன்கிழமை ஜமீலாவிடம் சொன்னேன்: “உங்க ஆபீஸ்ல சொல்லி சிவகாசிக்கு ஒரு கால் போடணும்.”

“யாருகிட்ட பேசணும்?”

“பர்சனல் கால். அந்த ஆள் இருந்தாத்தான் லைன் கொடுக்கணும். நம்பர் முப்பத்துநாலு. ஆள் பேரு காதர் மைதீன்.”

அவள் என்னையே பார்த்தாள். “அத்தா, அது உங்க பேரு.”

“ஆமா. நான் இருக்கேனா இல்லையான்னு கேட்டுச் சொல்லட்டும்.”

எனக்கு வேண்டியது ஒன்றுதான். அந்த வாயால் ‘இறந்துட்டாரு’ என்று இன்னொரு தரம் சொல்லவேண்டும். சொன்னதும் நான் குறுக்கே புகுந்து பன்னிரண்டு வருடமாகச் சேர்த்து வைத்த வசவை அவன் காதில் கொட்டவேண்டும். ஜமீலாவுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. “பழைய கதை அத்தா, விட்டுடுங்க லா,” என்றாள். ஆனாலும் பதிவு செய்து கொடுத்தாள். பெற்ற மகள் அல்லவா?

வியாழக்கிழமை மத்தியானம் கடையில் மணி அடித்தது. லைனில் கடலே இரைந்தது. மெட்ராஸ் ஆபரேட்டர் கத்துவது கேட்டது.

“சிவகாசி முப்பத்துநாலா? பினாங்குலருந்து பர்சனல் கால். காதர் மைதீன்ங்கிறவர் இருக்காரா?”

ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

“எங்கருந்துன்னீக?”

அவனேதான். வெற்றிலைக் குரல்.

“பினாங்கு சார், பினாங்கு. காதர் மைதீன் இருக்காரா இல்லையா?”

“இருக்கேன், இருக்கேன்! நாந்தான் காதர் மைதீன். லைனக் குடுங்க!”

உள்ளூர்க்காரன் கேட்டால் நான் செத்தவன். பினாங்கிலிருந்து கேட்டால், அட, அவனே நான்! சேர்த்து வைத்த வசவு ஒன்றுகூட வாயில் வரவில்லை. அதற்குப் பதிலாகச் சிரிப்பு வந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு மரியாதையாகவே ஆரம்பித்தேன்.

“அஸ்ஸலாமு அலைக்கும் பாய்.”

“ஆங்... அலைக்கும், அலைக்கும். சொல்லுங்க முதலாளி, காலண்டர் ஆர்டருங்களா?”

“அது கெடக்கட்டும். உங்க பிரஸ்ஸுக்கு எதிர்த்தாப்புல சௌந்தரபாண்டின்னு ஒருத்தர் இருந்தாரே, அவரு எப்படி இருக்காரு?”

குரலை இறக்கி, “அவரா... அவரு நல்லா இருக்காருங்க.”

“அப்படியா? அடடா! அவரு செத்துப்போனாருன்னுல்ல இங்கன அம்புட்டுக் கடையிலயும் சொல்லி வச்சிருக்கேன். பதினாறாம் நாள் விசேஷத்துக்கு நானே வந்து வடை பாயசத்தோட சாப்பிட்டேன்னுகூடச் சொல்லிட்டேனே!”

அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் நன்றாகக் கேட்டது. கடல் இரைச்சலையும் மீறி.

“யாரு... யாரு பேசுறது?”

“நம்பரை அச்சடிச்சவன் பேசுறேன் அண்ணாச்சி.”

வைத்துவிட்டேன். பணம் கட்டிய மூன்று நிமிடத்தில் இன்னும் ஒரு நிமிடத்துக்கு மேல் மிச்சம் இருந்தது.

7

அவனிடம் சொன்னபோது அது பொய். அன்று சாயங்காலத்துக்குள் மெய்யாக்கிவிட்டேன். தொப்பியைப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினேன். மளிகைக் கடை, ஜவுளிக் கடை, நகைக் கடை என்று ஒன்று விடவில்லை. “சிவகாசி சௌந்தரபாண்டி தெரியும்ல? காலமாயிட்டாரு. தங்கமான மனுசன்,” என்றேன். மளிகை முதலாளி உச்சுக்கொட்டி, அந்தக் கடிதத்தை எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டார். இனி அவன் அனுப்பப்போகிற சாம்பிள் ஆல்பம் இந்தத் தெருவில் செத்த வீட்டுச் சாமான்.

அவன் மறுத்து எழுதுவான், எழுதட்டும். நான் உயிரோடிருக்கிறேன் என்று கடிதம் எழுதுவது எப்படிப்பட்ட வேலை என்று அவனுக்கும் தெரியட்டும். ஒவ்வொரு கடைக்கும் தனித்தனியாக எழுதவேண்டும். முதல் வரியை எப்படி ஆரம்பிப்பது என்று என்னைக் கேட்டால் சொல்லித் தருவேன்.

“இப்ப சந்தோஷமா அத்தா?” என்று ஜமீலா முகத்தைச் சுளித்தாள். பாவம் என்று அவனுக்காக வருத்தப்பட்டாள். எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்தவளுக்கு எல்லா லைனும் ஒன்றுதான்.

“சந்தோஷம்தான்,” என்றேன். அன்று பாத்திமா நெய்ச்சோறு ஆக்கியிருந்தாள். நான் கேட்கவே இல்லை. இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன்.

சாப்பிட்டதும் இலாகாவின் படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வேண்டாததை அடிக்கச் சொல்லியிருக்கிறார்களே! கடையிலிருந்த அடிமட்டத்தை வைத்து ‘விண்ணப்பதாரர் இறந்துவிட்டார்’ என்ற மூன்றாவது வரியைச் சிவப்பு மையால் அடித்தேன். ஒரு கோடு போதவில்லை. நாலாவது கோட்டில் காகிதம் கிழிந்துவிட்டது. ‘ஏற்கிறார்’, ‘மறுக்கிறார்’ இரண்டையும் தொடவே இல்லை. கீழே கையெழுத்துப் போட்டு உறையில் வைத்து ஒட்டினேன்.

எது வேண்டும் எது வேண்டாம் என்று தெரிய இலாகா இனி ஒரு பன்னிரண்டு வருடம் காத்திருக்கட்டும்.